குடும்பச் சுமையும் துவிச்சக்கர வண்டியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவில், கடலுக்கும் களப்புக்கும் வயல்நிலத்துக்கும் இடையே வாழைச்சேனை அமைந்திருக்கின்றது. கிழக்கே கல்குடா, பாசிக்குடா என்னும் கடற்றுறைகள், தெற்கே கிரானும் சந்திவெளியும், மேற்கே ஓட்டமாவடி, அதன் பாலத்தைக் கடந்தால் புணானைக்கும் வாகரைக்கும் பிரிந்து செல்லும் நெடுவீதிகள். நிலமோ பெரும்பாலும் சமதரை. வீடு ஓரிடத்தும், சந்தை ஓரிடத்தும், பாடசாலை வேறோரிடத்தும், வயலும் மீன்பிடித் துறைமுகமும் பின்னும் வேறிடங்களிலும் இருக்கும். இவற்றுக்கிடைப்பட்ட தூரம் ஒரு மைலாகவோ ஐந்து மைலாகவோ அமையும். சுமையோடு நடந்து செல்வோர்க்கு இது மிகை. பேருந்துக்குக் காத்து நிற்போர்க்கோ இது குறை. இவ்விடைப்பட்ட தூரத்தை ஆள்வது சைக்கிள் ஒன்றே.

பாடசாலை நூல்களும் பொலிசாரின் அறிவித்தல்களும் அதனைத் துவிச்சக்கர வண்டி என்று வழங்கும். ஊரார் வாயில் அப்பெயர் நுழைந்ததில்லை. சைக்கிள் என்பதே வழக்கு. இரண்டு சக்கரம் உடையது என்பதற்குமேல் முன்னைய பெயர் எதனையும் உணர்த்துவதில்லை. ஆயின் கிழக்கு மாகாணத்துக் குடும்பமொன்றிலே அவ்வண்டி ஆற்றும் பணியை நோக்குமிடத்து, அதனைச் சுமைவண்டி என்று அழைப்பதே பொருந்தும். தந்தை அதிலேறி வேலைக்குச் செல்வதோடு அதன் கடமை முடிவதில்லை. அரிசி மூடை, காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கலன், விறகுக்கட்டு, மீன் பெட்டி, பாடசாலைப் பிள்ளைகள் இருவர், சில வேளைகளில் நோயுற்ற பாட்டியார் என அனைத்தும் அதன்மீதே ஏறும். மேலை நாடுகளிலே அண்மைக் காலத்தில் ‘சரக்குச் சைக்கிள்’ என்று பெரும் விலைக்கு விற்கப்படும் பொருள் எதனைச் செய்கின்றதோ, அதனை இங்குள்ள சாதாரண வண்டி ஒரு பலகையும் பழைய ரியூப் துண்டும் கொண்டு நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. எனினும் அதனைச் செவ்வனே செய்கின்றதா என்பது வேறு வினா.

இன்றுள்ள சைக்கிளின் அமைப்பு இங்கிலாந்திலே 1885 ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியிலிருந்து தொடங்குகின்றது. ஒத்த அளவினவாகிய இரு சக்கரங்களும், பின் சக்கரத்தைச் செயினால் இயக்கும் முறையும் அதன் சிறப்பியல்புகள். 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரை அமைத்தார். அதன்பின் றலி, ஹம்பர் முதலிய பெயர்களோடு குடியேற்ற நாடுகளுக்கு வந்திறங்கிய வண்டிகளின் வழியிலேயே, இந்தியாவில் 1949 இல் நிறுவப்பட்ட ரீ. ஐ. தொழிற்சாலையின் வண்டிகளும் இலங்கையின் லுமாலா வண்டிகளும் செய்யப்பட்டன. 28 அங்குலச் சக்கரம், நீண்ட சட்டகம், கம்பிப் பிறேக், கனத்த இரும்பு என்னும் பழைய அமைப்புப் பந்தயத்திற்கு உதவாது, விரைவும் இல்லை. ஆயின் சுமைக்கென்றே படைத்தது போன்ற சில குணங்கள் அதற்குண்டு. பழைய ஆங்கில வழக்கின்படி முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இட்டனர். பாரத்தின் பெரும்பங்கைப் பின் சக்கரமே தாங்குமென்பதை உணர்ந்து செய்த பங்கீடு அது. இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் மிகுந்திருத்தலால், பின்னே பாரம் ஏறியபோதும் ஹான்டில் எளிதில் துள்ளுவதில்லை. மேலே இரட்டைப் பார் பூட்டிய வகை இன்னும் உறுதியானது.

சைக்கிள் எத்துணைச் சுமையைத் தாங்கும் என்பதற்கு வியட்நாமியர் 1954 இல் தியன் பியன் பூ என்னுமிடத்திற் காட்டிய சான்றே போதுமானது. பிரெஞ்சுப் படைகளைச் சூழ்ந்திருந்த மலைப்பிரதேசத்திற்கு அரிசியையும் வெடிமருந்தையும் அவர்கள் சைக்கிளிலேயே கொண்டு சென்றனர். ஒரு வண்டியில் 200 கிலோகிராமுக்கு மேலும் ஏற்றினர். ஆயின் அவர்கள் அவற்றில் ஏறி ஓட்டவில்லை, தள்ளிச் சென்றனர். ஹான்டிலோடு நீண்ட மூங்கிற் கழி ஒன்றைக் கட்டித் திசை திருப்பினர். இருக்கைக்குப் பின்னே செங்குத்தாக மற்றொரு கழியை நாட்டி அதனாற் சமநிலை காத்தனர். தாங்கக்கூடிய பாரம் வேறு, ஏறியோட்டக்கூடிய பாரம் வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வாழைச்சேனையில் விறகு ஏற்றுவோரும் ஓர் அளவுக்குமேற் சென்றால் இறங்கித் தள்ளுவர். அவர்கள் வியட்நாம் வரலாற்றைக் கற்றவரல்லர். முழங்காலே அவர்களுக்கு ஆசிரியன்.

இலங்கையில் இப்பாடம் இருமுறை கட்டாயமாகக் கற்பிக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் தடைப்பட்டபோது, அங்கு நோயாளரும் கர்ப்பிணிகளுங்கூடச் சைக்கிளில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இரண்டாவது முறை நாடு முழுவதையும் தொட்டது. 2021 டிசெம்பரில் லீற்றர் ஒன்று 177 ரூபாவுக்கு விற்ற சாதாரண பெற்றோல், 2022 ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. விலை கொடுத்தாலும் கிடைப்பதில்லை. பின்னர் ஏற்பட்ட கியூஆர் பங்கீட்டின் தொடக்கத்திலே, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே அளிக்கப்பட்டன. மீன் வாங்கி ஊரூராக விற்போர்க்கும், பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டு செல்லும் தாய்மார்க்கும் அந்த 4 லீற்றர் எந்த மூலைக்கு? கொட்டில்களிற் கிடந்து துருவேறிய வண்டிகள் வெளியே வந்தன. சைக்கிள் கடைகளிலே ரயருக்கும் ரியூபுக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. புதிய வண்டியின் விலையும் ஏறிற்று. பழைய வண்டியைப் பேணியவர் பிழைத்தனர், விற்றவர் வருந்தினர்.

இங்கே விஞ்ஞானம் கூறும் ஒரு செய்தியும் உண்டு. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன் என்னும் பொறியியலறிஞர், 1973 மார்ச் மாதத்துச் ‘சயன்ரிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையிலே, சைக்கிளிற் செல்லும் மனிதன் நடந்து செல்பவன் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்குகொண்டே அதே தூரத்தைக் கடப்பான் என்று எடுத்துக் காட்டினார். தலைச்சுமையாகக் கொண்டு செல்லும் பாரத்தை எலும்பும் தசையும் ஒவ்வோர் அடியிலும் தூக்கி இறக்குகின்றன. வண்டியில் ஏற்றிய பாரத்தைச் சக்கரமே தாங்குகின்றது. சமதரையில் வேறுபாடு மிகுதியாக விளங்கும். மணலிலே அவ்வாறன்று, அது பின்னர் விளக்கப்படும்.

குடும்பத் தேவைக்கு ஒரு வண்டியை ஆயத்தஞ் செய்வோர் முதலிற் கவனிக்க வேண்டியது கரியர். கடையில் வண்டியோடு வரும் கரியர் பெரும்பாலும் மெல்லிய கம்பியினாலானது. புத்தகப் பையையும் ஒருவேளை ஒரு சிறு பிள்ளையையும் அது தாங்கலாம். ஓர் அந்தர் அரிசி, அஃதாவது 112 இறாத்தல், அதன்மேல் ஏறினால் அதன் கால்கள் அச்சாணியருகே முறியும். சுமைக்கெனச் செய்யப்படும் கரியர் தடித்த இரும்புக் கம்பியால் அல்லது குழாயாற் செய்யப்பட்டு, நான்கு கால்களும் பின் அச்சாணியிலே நேரே ஊன்றி நிற்க வேண்டும். ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரர் இதனைச் செய்து கொடுப்பர். அப்போது மேற்றளம் இயன்றவரை முன்னோக்கி, இருக்கைக்கு அண்மையில் அமையுமாறு சொல்லிச் செய்விப்பது நன்று. பாரத்தின் மையம் பின் அச்சாணிக்குப் பின்னே சென்றால் முன் சக்கரம் இலேசாகி நிலத்தைப் பற்றாது. பாலத்தின் ஏற்றத்திலே ஹான்டில் தானே மேலெழுவதைப் பலர் கண்டிருப்பர்.

ஸ்ராண்டைப் பற்றி ஒரு சொல். ஒற்றைக்கால் ஸ்ராண்ட் சுமைக்கு ஆகாது. பாரம் ஏற்றும்போது வண்டி சாய்வதும் விபத்துக்குக் காரணமாகும். பின் சக்கரத்தைச் சற்று நிலத்தினின்று உயர்த்தும் அகன்ற இரட்டைக்கால் ஸ்ராண்டே வேண்டும். விறகு ஏற்றுவோர் கவைக்கம்பு ஒன்றை எப்போதும் கூடவே கொண்டு செல்வர். அதனை இருக்கைக்குக் கீழே முண்டு கொடுத்து நிறுத்திவிட்டு இரு கையாலும் கட்டை அவிழ்ப்பர். காசில்லாமற் கிடைக்கும் கருவிகளில் அதனினும் சிறந்தது இல்லை.

அடுத்தது பற்சில்லு. முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உடைய வண்டியில், பெடலை ஒருமுறை சுற்றினால் 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைத் தடவை சுழன்று, 18 அடிக்குச் சற்றுக் குறைவான தூரம் செல்லும். பாரமில்லாதபோது இது இதமானது. பின்னேயுள்ள பிறீவீலை 22 பற்களுள்ளதாக மாற்றினால், ஒரு சுற்றுக்கு 15 அடிக்குச் சற்றுக் குறைவாகவே செல்லலாம். ஆயின் காலுக்குத் தேவையான விசை ஐந்திலொரு பங்களவு குறையும். கியர் உள்ள வண்டியை வாங்கிப் பின் உதிரிப்பாகத்துக்கு அலைவதைக் காட்டிலும், இச்சிறு மாற்றம் சமதரை ஊர்களுக்குப் போதுமானது. செயினின் நீளம் இரண்டொரு கண்ணிகள் கூட வேண்டும் என்பதைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார்.

பாரத்தைக் கட்டும் கலையில் இந்நாட்டவர்க்கு மேலைநாட்டார் கற்பிக்கத்தக்கது சிறிது. பழைய ரியூபை நீளவாட்டில் வெட்டியெடுத்த பட்டை, கயிற்றைப்போல் இறுகியபின் தளர்வதில்லை. வீதியின் குலுக்கத்தோடு தானும் நீண்டு சுருங்கிச் சுமையைப் பற்றி நிற்கும். மீன் வியாபாரி கரியரின்மேல் பலகைப் பெட்டியை வைத்து இதனாலேயே பிணைப்பார். அவரது பெட்டியிற் குறை ஒன்றுண்டு. பனிக்கட்டி கரைந்து ஒழுகும் உப்புநீர் நேரே றிம்மிலும் கம்பிகளிலும் வடியும். பெட்டியின் அடியிலே ஒரு மூலையிற் குழாய் வைத்துப் புறத்தே விட்டால் பின் சக்கரத்தின் ஆயுள் நீளும். சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசிக்குப் பெட்டி வேண்டுவதில்லை. கரியரின் இருபுறமும் தொங்கும் உமல் அல்லது சாக்குப்பை இரண்டு போதும். அவை தாழ்ந்து தொங்குவதால் ஈர்வை மையமும் தாழும், வண்டி நிலைபெறும். இரண்டும் ஒத்த பாரமுடையனவாதல் வேண்டும். ஒருபுறம் தேங்காயும் மறுபுறம் கீரையுமாக ஏற்றினால் வண்டி தேங்காய்ப் பக்கமே செல்லும். அவை கம்பிகளுக்குள் புகாவண்ணம் சக்கரத்தின் இருமருங்கும் ஒரு தட்டி கட்டுதல் அவசியம்.

காஸ் சிலிண்டரைப் படுக்கையாகக் கட்டிச் செல்லும் வழக்கம் பரவலாக உண்டு. உள்ளே 12.5 கிலோகிராம் வாயுவுடன் உருளையின் நிறையும் சேர்ந்தால் அது 25 கிலோகிராமை அண்மிக்கும். உருண்டையான பொருளாதலால் அது கட்டினுள்ளே நழுவும். வாயுக்கலனைக் கிடத்திக் கொண்டு செல்வதும் பொருத்தமன்று. கரியரின்மேல் சதுரமான மரச்சட்டம் ஒன்றைப் பூட்டி, அதனுள் நிமிர்த்தி நிறுத்திக் கட்டுவதே முறை.

இனிப் பிள்ளைகள். இப்பொருளிலே எல்லாவற்றினும் கவனத்திற்குரியது இதுவே. எல்லாவற்றினும் அலட்சியஞ் செய்யப்படுவதும் இதுவே. கரியரில் அமர்ந்து செல்லும் ஐந்தாறு வயதுப் பிள்ளை உறங்கி விழுகின்றது. அல்லது காலைத் தொங்கவிட்டு ஆட்டுகின்றது. ஒரு கணத்திற் குதிகால் கம்பிகளுக்கும் சட்டகத்திற்கும் இடையே அகப்படும். சுழலும் சக்கரம் தோலையும் தசையையும் அறுத்துவிடும். சில வேளை எலும்பும் முறியும். காயம் வெளிக்குச் சிறிதாகத் தோன்றினும் நசுங்கிய தோல் இரண்டொரு நாளிற் கருகி உதிர்வதுண்டு. ஆதலால் வீட்டிலே எண்ணெய் பூசி விடாது, அன்றே வைத்தியரிடம் காட்டல் வேண்டும். செருப்பணிந்த கால் என்பதால் இது தவிர்க்கப்படுவதில்லை. இறப்பர்ச் செருப்பு முதலிற் சிக்கிக் காலை உள்ளே இழுத்துச் செல்வதும் உண்டு. இத்துணைக் கொடிய காயத்தைத் தடுப்பதற்கு வேண்டிய பொருளோ மிக மலிவானது. பின் சக்கரத்தின் இருபுறமும், மட்காட்டிலிருந்து அச்சாணி வரை, கெட்டியான வலையையோ பிளாஸ்ரிக் தகட்டையோ கட்டுதல். பிள்ளை பாதம் ஊன்றுவதற்கு அச்சாணிக்குச் சற்று மேலே இருபுறமும் மிதிகட்டை வைத்தல். கைபிடிக்க இருக்கைக்குப் பின்னே ஒரு கம்பியை வளைத்துப் பூட்டுதல். சேலைத்தலைப்பும் அதே வலையாற் காக்கப்படும். மீன்வலை நெய்யும் ஊரிலே இதற்கு வலை இல்லையென்று கூற இயலாது.

இன்னும் சிறிய குழந்தையை முன்னே பாரில் அமர்த்துவதே நன்று. ஓட்டுபவரின் இரு கைகளும் அதற்கு வேலியாகும். பாரில் பூட்டும் சிறு இருக்கைகளும் பிரம்பினாற் பின்னிய கூடை இருக்கைகளும் உண்டு. தானாக நிமிர்ந்து உட்காரும் வலிமை பெறாத குழந்தையை எவ்விருக்கையிலும் ஏற்றலாகாது. பாரிலிருக்கும் பிள்ளையின் கால்களும் முன் சக்கரத்தை நோக்கியே தொங்கும். அவற்றுக்கும் மிதிகட்டை வேண்டும். முன் சக்கரத்தில் கால் அகப்பட்டால் வண்டி அக்கணமே கவிழும்.

பெண்களின் வண்டி பற்றியும் கூறுதல் தகும். பார் இல்லாத சட்டகம் ஏறி இறங்க வசதியானது. ஆயின் பின்னே பாரம் மிகுந்தால் அது பாம்பு போல நெளியும். தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், 1991 ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர்க்குச் சைக்கிள் ஓட்டக் கற்பித்தது. அவ்வியக்கத்தைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பெண்களுக்குரிய வண்டி போதாமையால் ஆண்களின் வண்டியையே பலர் ஓட்டினர் என்றும், பாரிலே குழந்தையை இருத்தலாம் என்பதனால் அதனையே விரும்பினோரும் உண்டென்றும் குறித்துள்ளார். பெண்கள் அவ்வண்டியில் தண்ணீர்க்குடம் கொண்டு வந்தனர். விளைபொருளை விற்கச் சென்றனர். பேருந்துக்குக் காத்திருத்தலையும் ஆண்களை எதிர்பார்த்திருத்தலையும் விட்டனர். போரினாலும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் குடும்பத்தைத் தனியே தாங்கும் நிலை அடைந்த பெண்கள் பலர் வாழும் மட்டக்களப்பு மாவட்டத்திற்கு, இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. அவர்களுக்கு வண்டி என்பது வசதியன்று; ஒரு நாளில் எத்தனை வேலைகளை முடிக்கலாம் என்பதை நிர்ணயிக்கும் பொருள்.

வீதிகளுக்கு ஏற்ப ஓட்டமும் மாறும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளிலே மணல் ஆழமானது. ஒடுங்கிய ரயரில் காற்றை இறுக்கமாக அடித்துப் பாரத்தோடு சென்றால் சக்கரம் புதையும். அகன்ற ரயரும், சற்றுக் குறைந்த அமுக்கமும் மணலில் உதவும். தார்வீதியில் இதற்கு மாறு; அங்கே காற்றுக் குறைந்தால் ரியூப் நசுங்கி வெடிக்கும். இரண்டையும் ஒரே நாளிற் கடப்பவர் கைப்பம்பு ஒன்றைச் சட்டகத்தில் மாட்டி வைத்திருத்தல் நலம். ஓட்டமாவடியில் முன்னர் ரயிலும் ஏனைய வாகனங்களும் ஒரே பாலத்தினூடாகவே சென்றன. தண்டவாளத்தின் பிளவிலே சக்கரம் இறங்கிவிடாது காத்துச் செல்வது சைக்கிளோட்டிகளுக்கு ஒரு தனி வித்தையாக இருந்தது. 2010 இல் வீதிக்கெனப் புதிய பாலம் திறக்கப்பட்டபின் அவ்விடர் நீங்கிற்று. எனினும் ரயில் கடவைகள் பலவிடத்தும் உள்ளன. அவற்றைத் தண்டவாளத்திற்குக் குறுக்காக, நேரே கடத்தல் வேண்டும். சரிவாகக் கடந்தால் பாரமேற்றிய வண்டி வழுக்கும்.

மாரிகாலத்திற் பிறேக்கை நம்பலாகாது. முலாம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் இறப்பர்க் கட்டையின் பிடிப்பிற் பெரும்பகுதி போய்விடும். பாரமில்லாத வண்டியே எளிதில் நில்லாதபோது, 40 கிலோகிராம் ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சந்திக்கு முன்னரே கட்டையை மெல்ல அழுத்தி றிம்மின் ஈரத்தைத் துடைத்து, பின்னர் இறுக்குதல் வேண்டும். கார்த்திகை மார்கழியிற் படுவான்கரைப் பக்கத்துத் தாழ்ந்த வீதிகள் நீரில் மூழ்கும்; கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல்லில் வெள்ளம் வீதியை மறித்த செய்தி ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வரும். வேகமாகப் பாயும் நீர் முழங்காலளவாயினும் அதில் இறங்கலாகாது. பாரமேற்றிய வண்டி நீரோட்டத்திற்குப் பாய்மரம் போல அகப்படும்.

மேலை நாட்டு அமைப்புகளில் இரண்டு இவ்வூர்க் கம்மாலைகளிற் செய்து பார்க்கத்தக்கவை. டென்மார்க்கிலே 1920களில் தோன்றிய ‘லோங் ஜோன்’ என்னும் வகை, முன் சக்கரத்தைத் தொலைவில் நிறுத்தி, இடையே தாழ்ந்த தட்டில் சுமையை வைப்பது. அது சிறந்ததே, ஆயின் ஹான்டிலுக்கும் சக்கரத்துக்கும் இடையே நீண்ட இணைப்புக்கோல் வேண்டும், பிழைபட ஒட்டினால் ஆபத்து. மற்றையது எளிது. றொஸ் எவன்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் 1995 இல் நிக்கராகுவா நாட்டிற்குச் சென்று, ஏழைகள் சைக்கிளிற் சுமையேற்றும் முறையைக் கண்டபின், பின் சக்கரத்தை ஏறக்குறைய 15 அங்குலம் பின்னே தள்ளி நீண்ட வால் போன்ற சட்டகத்தை அமைத்தார். 1998 இல் அது ‘எக்ஸ்ராசைக்கிள்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. சுமை இரு சக்கரங்களுக்கும் இடையே விழுவதால் முன் சக்கரம் எழுவதில்லை. பிள்ளைகள் இருவர் வரிசையாக அமரலாம். ஏழை நாட்டிற் பிறந்த எண்ணம் செல்வ நாட்டில் விலையேறி, மின்மோட்டாரும் பூண்டு, இப்போது ஏழை நாட்டவர் வாங்க முடியாத பொருளாயிற்று. பழைய வண்டிகள் இரண்டின் சட்டகத்தை இணைத்து இதனைச் செய்யலாம். செயினும் இரண்டு இணைந்த நீளம் வேண்டும். ஆயின் மெல்லிய குழாயை அளவுக்கு மிஞ்சிச் சூடேற்றி ஒட்டினால், ஒட்டினருகே அது பலமிழக்கும். முதல் மாதம் பிள்ளைகளை ஏற்றாது, அரிசி மூடையை மட்டுமே ஏற்றி ஓட்டி, ஒட்டுகளிலே வெடிப்புத் தோன்றுகின்றதா என்று நாள்தோறும் பார்த்தபின்னரே ஆள் ஏற்றுதல் முறையாகும்.

உப்புக்காற்றைப் பற்றிக் கூறாது இவ்விடயம் முற்றுப்பெறாது. கடலும் களப்பும் சூழ்ந்த ஊரிலே இரும்பு வெளியிலிருந்தே அரிக்கப்படுவதில்லை; இருக்கைக் குழாய்க்குள்ளும் அச்சாணிக்குள்ளும் புகுந்த ஈரம் உள்ளிருந்து தின்னும். துறைமுகத்திலிருந்து மீண்ட வண்டியை நன்னீர் விட்டுக் கழுவி, துடைத்து, கம்பிகள் றிம்மிற் புகும் இடங்களிலும் செயினிலும் எண்ணெய் இடுதல் வேண்டும். தேங்காயெண்ணெய் சில நாளிற் பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய யந்திர எண்ணெயே செயினுக்கு உகந்தது. றிம்மின் பக்கத்தில் மட்டும் எண்ணெய் படலாகாது. மாதம் ஒருமுறை கம்பிகளைச் சோடி சோடியாக விரலால் அழுத்திப் பார்த்தால், தளர்ந்தது எதுவெனத் தெரியும். 40 கம்பியில் ஒன்று முறிந்தால் வண்டி ஓடும்; ஆயின் அதன் பங்கை அயற்கம்பிகள் சுமக்கும். மூன்றாவது முறியும்போது பெரும்பாலும் கரியரில் யாரோ ஒருவர் அமர்ந்திருப்பார்.